ஜப்பானில் பசித்தால்: முதல்முறை போகிறவர்களுக்கு

நம்மூர் ஹோட்டலில் உட்கார்ந்த பிறகுதான் என்ன சாப்பிடலாம் என்று யோசிப்போம். இட்லியில் தொடங்கி சில்லி பரோட்டா வரை எல்லாம் ஒரே இடத்தில் கிடைக்கும். சர்வர் மூச்சுவிடாமல் ஒப்பிப்பார். இந்தப் பழக்கத்தோடு ஜப்பானில் ஒரு கடைக்குள் நுழைந்தால் முழிக்க வேண்டியதுதான். அங்கே சின்னக் கடைகளில் பாதிக்கு மேல் ஒரே ஒரு பண்டத்துக்காகத் திறந்தவை போலிருக்கும். ராமென் (குழம்பில் போட்ட நூடுல்ஸ்) கடையில் ராமென். விலாங்கு மீன் கடையில் விலாங்கு. பன்றிக்கறி கட்லெட் கடையில் அது மட்டும். பத்து நாற்காலி, உள்ளே ஒன்றிரண்டு பேர், முடிந்தது.

ஆகவே என்ன சாப்பிடுவது என்பதைத் தெருவிலேயே முடிவு செய்துவிட்டு உள்ளே போங்கள். ஜப்பானில் நாம் தேர்ந்தெடுப்பது பண்டத்தை இல்லை, கடையை. இன்னொன்று: “வெங்காயம் வேண்டாம், கொஞ்சம் காரம் தூக்கலா” என்பதெல்லாம் அங்கே எடுபடாது. கடைக்காரர் எப்படிச் செய்கிறாரோ அதுதான் பண்டம். மாற்றிக் கேட்டால் திட்ட மாட்டார்கள், தலையைச் சாய்த்து, பல் இடுக்கில் காற்றை இழுத்து, “கொஞ்சம்...” என்று பாதியில் நிறுத்துவார்கள். அந்தப் பாதி வாக்கியத்துக்கு முழு அர்த்தம் “முடியாது” என்பது.

கதவுக்கு வெளியே பார்க்க வேண்டியவை

வாசலில் ஒரு துணித் திரை தொங்கும். நொரென் என்று பெயர். அது தொங்கினால் கடை திறந்திருக்கிறது. உள்ளே எடுத்து வைத்துவிட்டால் மூடியாகிவிட்டது. உள்ளே விளக்கு எரிந்தாலும், ஆள் நடமாட்டம் இருந்தாலும், நொரென் இல்லையென்றால் தட்டாதீர்கள்.

நேரம் முக்கியம். மதியச் சாப்பாடு சுமார் 11 மணியிலிருந்து 2 வரை. அப்புறம் நிறையக் கடைகள் மூடிவிட்டு மாலை 5 மணிவாக்கில்தான் திறக்கும். ஊர் சுற்றிவிட்டு மூன்று மணிக்குப் பசியோடு வருகிறவர்கள்தான் மாட்டிக்கொள்வார்கள். கடை மூடும் நேரம் 9 என்று போட்டிருந்தால், கடைசி ஆர்டர் அதற்கு அரை மணி நேரம் முன்பே முடிந்துவிடும். வாரத்தில் ஒரு நாள் விடுமுறையும் உண்டு. அது ஞாயிறாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை.

பல கடைகளின் முன்னால் கண்ணாடிப் பெட்டிக்குள் சாப்பாட்டு மாதிரிகள் இருக்கும். நூடுல்ஸை அந்தரத்தில் தூக்கிப் பிடித்த குச்சி உட்பட எல்லாமே பிளாஸ்டிக். இவாசாக்கி தாகிசோ என்பவர் 1932இல் ஒசாகாவில் இதை ஒரு தொழிலாகவே தொடங்கினார். அப்போது மெழுகில் செய்தார்கள். நமக்கு இதைவிட நல்ல மெனு கிடையாது. வேண்டியதைப் போனில் படம் எடுத்து உள்ளே காட்டினால் போதும். கொஞ்சம் காசு இருந்தால் தோக்கியோவின் கப்பாபாஷி தெருவில் இந்த மாதிரிகளை வாங்கியும் வரலாம். சுஷி வடிவச் சாவிக்கொத்து வீட்டுக் குழந்தைகளிடம் நன்றாக எடுபடும்.

வரிசை நின்றால் நில்லுங்கள், வேகமாக நகரும். சில கடைகளில் வாசலில் ஒரு தாள் இருக்கும். பெயரையும் எத்தனை பேர் என்பதையும் எழுதிவிட்டுக் காத்திருக்க வேண்டும். ஆங்கில எழுத்தில் எழுதலாம். ஆனால் கூப்பிடும்போது காதைத் தீட்டிக்கொள்ளுங்கள். அவர்களுக்கு ல, ள, ர எல்லாம் ஒரே ஒலிதான். கமலா என்று எழுதிக் கொடுத்தால் “கமரா சமா” என்று அழைப்பார்கள். நீங்கள் வேறு யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று சும்மா உட்கார்ந்திருப்பீர்கள். ழகரம் உள்ளவர்கள் தங்கள் பெயரை முற்றிலும் மறந்துவிடுவது நல்லது.

முதலில் காசு, பிறகு சாப்பாடு

ராமென் கடைகளிலும், மாட்டிறைச்சிச் சோறு விற்கும் மலிவுக் கடைகள் சிலவற்றிலும், நுழைந்ததும் ஒரு எந்திரம் நிற்கும். டிக்கெட் எந்திரம். ஒழுங்கு இதுதான்: பணத்தைப் போடுங்கள், பொத்தான்களில் விளக்கு எரியும், வேண்டியதை அழுத்துங்கள், சின்னச் சீட்டு விழும், மீதிக்காசுக்கு ஒரு நெம்புகோலோ பொத்தானோ இருக்கும், அதையும் அழுத்துங்கள். சீட்டைக் கொண்டுபோய்ச் சமையல்காரருக்கு முன்னால் வைத்துவிட்டு உட்காருங்கள். அவ்வளவுதான்.

பொத்தானில் எல்லாமே ஜப்பானிய எழுத்தாக இருந்தால்? மேல் வரிசையில் இடது ஓரத்தில் இருப்பதை அழுத்துங்கள். கடையின் பேர்சொல்லும் பண்டத்தை அந்த இடத்தில்தான் வைப்பார்கள் என்பது அங்கே சாப்பிடுகிறவர்கள் எல்லோரும் சொல்வது; எனக்குப் பெரும்பாலும் பலித்திருக்கிறது. பழைய எந்திரங்கள் 1,000 யென் தாளைத்தான் வாங்கும். அதிலும் 2024 ஜூலையில் புது நோட்டுகள் வந்தபிறகு, அவற்றைத் துப்பிவிடும் கிழட்டு எந்திரங்களும் உண்டு. பழைய ஆயிரம் யென் நோட்டு கையில் வந்தால் செலவழிக்காமல் ஒன்றிரண்டு வைத்துக்கொள்ளுங்கள்.

விலை ஒரு கணக்குக்காக: மாட்டிறைச்சிச் சோற்றுக் கிண்ணம் 500 யென் அளவில், ராமென் 1,000 யென்னைச் சுற்றி. ராமெனுக்கு 1,000 யென்னுக்கு மேல் கொடுக்க மக்கள் மனம் வராது என்பதை “ஆயிரம் யென் சுவர்” என்றே அங்கே சொல்வார்கள். விலைவாசியில் அந்தச் சுவர் இப்போது பல இடங்களில் இடிந்துவிட்டது.

ராமென் குழம்பில் நாலு பெரிய வகை: உப்பு, சோயா, மிசோ எனும் புளிக்கவைத்த சோயா விழுது, பன்றி எலும்பை வெள்ளையாகக் கொதிக்கவைத்த தொன்கொத்சு. ஃபுகுவோகா பக்கத்து ஹகாத்தா வகைக் கடையானால் நூடுல்ஸ் எவ்வளவு கெட்டியாக வேண்டும் என்று கேட்பார்கள். “கத்தா” என்றால் கெட்டி, “ஃபுத்சூ” என்றால் சாதாரணம். நூடுல்ஸ் தீர்ந்து குழம்பு மிச்சமிருந்தால் “கயேதாமா” என்று சொல்லுங்கள். கொஞ்சம் காசுக்கு இன்னொரு பிடி நூடுல்ஸ் வந்து விழும்.

உட்கார்ந்த பிறகு

பல இடங்களில் முதலில் ஈரத்துண்டு வரும். கையைத் துடைக்க, முகத்தையும் கழுத்தையும் துடைக்க அல்ல, வெயிலில் அலைந்து வந்தவருக்கு ஆசையாகத்தான் இருக்கும். தண்ணீரோ தேநீரோ இலவசம். தண்ணீர் எந்தக் குளிர்காலத்திலும் ஐஸ் போட்டுத்தான் வரும். வெந்நீர் வேண்டுமானால் “ஒயூ” என்று கேளுங்கள்.

ஆளைக் கூப்பிட “சுமிமாசென்!” கொஞ்சம் சத்தமாகவே சொல்லலாம், தப்பில்லை. கையைத் தட்டுவது, விரல் சொடுக்குவது வேண்டாம். மேசையில் பொத்தான் இருந்தால் அதை அழுத்துங்கள். சாப்பிடும் முன் “இதாதக்கிமாஸ்”, முடித்து எழும்போது “கொச்சிசோசமா தெஷ்தா”. இரண்டாவதை வெளியே போகும்போது சமையல்காரர் பக்கம் திரும்பிச் சொன்னால், அதுவரை கல்லாக நின்றவர் முகமும் கொஞ்சம் மலரும்.

குச்சி பிடிப்பது பெரிய வித்தையில்லை, இரண்டு நாளில் வந்துவிடும். வராவிட்டால் முள்கரண்டி கேட்கலாம், யாரும் சிரிக்க மாட்டார்கள். ஆனால் இரண்டு காரியம் மட்டும் செய்யவே கூடாது. சோற்றில் குச்சியைச் செங்குத்தாகக் குத்தி வைப்பது ஒன்று. இறந்தவருக்குப் படைக்கும் சோற்றில்தான் அப்படிக் குத்துவார்கள். ஒருவர் குச்சியிலிருந்து இன்னொருவர் குச்சிக்குப் பண்டத்தை மாற்றுவது மற்றொன்று. தகனத்துக்குப் பிறகு எலும்பைப் பொறுக்கும்போது அப்படித்தான் செய்வார்கள். நம் வீட்டில் விருந்துக்கு நடுவே யாராவது பிண்டம் பிடித்துக் காட்டினால் எப்படியிருக்கும்? அப்படி.

நமக்குக் கூச்சம் தரும் இன்னொரு விஷயம், இடது கை. சோற்றுக் கிண்ணத்தை இடது கையில் தூக்கிப் பிடித்துச் சாப்பிடுவதுதான் அங்கே அழகு. கிண்ணத்தை மேசையில் விட்டுவிட்டு வாயைக் கீழே கொண்டுபோனால் “நாய் சாப்பிடுவது மாதிரி” என்று அம்மாக்கள் பிள்ளைகளைத் திட்டுவார்கள். மிசோ சூப்புக்குக் கரண்டி வராது. கிண்ணத்தோடு எடுத்துக் குடியுங்கள். நூடுல்ஸை உறிஞ்சலாம், சத்தம் வரலாம். உறிஞ்சாவிட்டால் கடைக்காரர் மனம் புண்படும் என்று எழுதுகிறவர்கள் உண்டு. அப்படி எதுவும் நான் பார்த்ததில்லை.

காசு பெரும்பாலும் வாசல் பக்கத்துக் கல்லாவில். அங்கே ஒரு சின்னத் தட்டு இருக்கும், பணத்தை அதில் வையுங்கள். டிப்ஸ் கிடையாது. மேசையில் சில்லறையை விட்டுவிட்டு வந்தால், மறந்துவிட்டீர்கள் என்று நினைத்துத் தெருவில் துரத்திக்கொண்டு வருவார்கள்.

முதல் இரண்டு நாள் எங்கே சாப்பிடுவது

விமானம் இறங்கிய அன்றைக்கு வீரம் காட்ட வேண்டாம். கொன்பினிக்குப் போங்கள். செவன் இலெவன், ஃபேமிலிமார்ட், லாசன் என்று மூன்று பெயர்கள், கிட்டத்தட்ட எல்லாத் தெருவிலும், பெரும்பாலானவை இரவெல்லாம் திறந்திருக்கும். பெட்டிக்கடை என்று நினைத்துவிடாதீர்கள். உள்ளூர்க்காரர்களே தினமும் அங்கே சாப்பாடு வாங்குகிறார்கள். ஒனிகிரி எனும் முக்கோணச் சோற்றுருண்டை 150, 200 யென்னுக்குக் கிடைக்கும். அதன் உறையைப் பிரிப்பதற்கு ஒரு கணக்கு உண்டு. 1 என்று போட்ட நாடாவைப் பிடித்து முதுகுப்பக்கம் வரை சுற்றி இழுங்கள், பிறகு 2, 3 என்ற இரண்டு மூலைகளையும் பக்கவாட்டில் உருவுங்கள். கடற்பாசித் தாள் நமுத்துப்போகாமல் இருக்க சோற்றுக்கும் அதற்கும் நடுவே பிளாஸ்டிக் இருக்கிறது. அவசரப்பட்டுக் கிழித்தால் கடற்பாசி உறையோடு போய்விடும், கையில் வெறும் சோறுதான். என் முதல் ஒனிகிரி அப்படித்தான் போனது.

கல்லாவில் “அதாதமெமாஸ் கா?” என்று கேட்டால் சூடு பண்ணித் தரவா என்று அர்த்தம். அங்கேயே உட்கார்ந்து சாப்பிட இடமிருக்கும் கடையானால் அதையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் 2019 அக்டோபரிலிருந்து கடைக்குள் சாப்பிட்டால் வரி 10 சதவீதம், கட்டிக்கொண்டு போனால் 8.

அடுத்த நாள் மதியம் ஒரு தெய்ஷோக்கு கடை. நம் சாப்பாட்டுக்கு மிக நெருக்கமான ஏற்பாடு இதுதான்: ஒரு தட்டில் சோறு, மிசோ சூப், ஊறுகாய், பொரித்த மீனோ கறியோ ஒன்று. யாயோய்கென் என்ற சங்கிலிக் கடையின் பல கிளைகளில் சோறு எத்தனை தடவை வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாம். அதைத் தெரிந்துகொண்ட தமிழ்க் குடும்பங்கள் வேறு கடைக்கு நகர மறுப்பதைப் பார்த்திருக்கிறேன், குறை சொல்ல ஒன்றுமில்லை. பெரிய உணவகங்களிலும் மதியச் சாப்பாடு இரவை விட நிறைய மலிவு. விலை உயர்ந்த இடம் ஒன்றைப் பார்க்க ஆசையிருந்தால் மதியம் போங்கள்.

சுஷிக்கு முதலில் சுழலும் கடை. ஷிராய்ஷி யோஷியாக்கி என்பவர் பீர் ஆலையில் பாட்டில்கள் பட்டையில் ஊர்ந்து போவதைப் பார்த்து, 1958இல் ஹிகாஷி ஒசாகாவில் முதல் சுழலும் சுஷிக் கடையைத் திறந்தார். இப்போது பெரிய சங்கிலிக் கடைகள் பலவற்றில் தட்டுகள் சுழல்வதில்லை. 2023இல் ஒரு வாடிக்கையாளர் சோயா பாட்டிலை நக்கிக் காட்டிய வீடியோ பரவி நாடே அருவருத்தபிறகு, திரையில் தொட்டு ஆர்டர் செய்வதும், அது நேராக உங்கள் மேசைக்கு ஓடிவருவதும்தான் வழக்கமாகிவிட்டது. திரையில் ஆங்கிலம் உண்டு. மேசையில் இருக்கும் கறுப்புக் குழாயில் வருவது கொதிநீர், கிண்ணத்தில் பச்சைத் தேயிலைத் தூளைப் போட்டு அதில் பிடிக்க வேண்டும். கை கழுவும் குழாய் என்று நினைத்து விரலைச் சுட்டுக்கொண்ட வெளிநாட்டுக்காரர்கள் ஏராளம். சுஷியைக் கையாலும் சாப்பிடலாம், நமக்கு வசதி. சோயாவில் மீன் பக்கத்தைத் தொடுங்கள். சோற்றுப் பக்கத்தைத் தொட்டால் உதிர்ந்து கிண்ணம் கஞ்சியாகிவிடும். குழந்தைகளோடு போனால் குரா சுஷி: காலித் தட்டை மேசைத் துளைக்குள் போடப் போட, ஐந்து தட்டுக்கு ஒரு முறை திரையில் விளையாட்டு ஓடி, அதிர்ஷ்டமிருந்தால் பொம்மை விழும். தட்டைப் போடுவதற்காகவே பிள்ளைகள் சாப்பிடும்.

சைவர்களுக்கு, கொஞ்சம் நீளமாக

இதில் ஏமாறாமல் திரும்பிய சைவர் குறைவு. ஜப்பானில் காய்கறி, சோயா, கடற்பாசி எல்லாம் நிறைய உண்டு. ஆனால் எல்லாவற்றுக்கும் அடியில் தாஷி என்ற ஒரு சாறு ஓடுகிறது. கத்சுவோபுஷி என்ற காய்ந்த மீனிலிருந்து எடுப்பது. தூத்துக்குடி, கன்னியாகுமரிப் பக்கத்திலும் இலங்கையிலும் மாசி தெரிந்தவர்களுக்கு ஒரே வரியில் சொல்லிவிடலாம்: அது மாசிக் கருவாட்டின் உடன்பிறப்பு. இரண்டுமே சூரை மீனை வேகவைத்து, புகையூட்டி, கட்டையாகக் காயவைத்தது. அதைச் சீவித் தண்ணீரில் போட்டு எடுத்த சாறு மிசோ சூப்பில், உடோன் என்ற தடித்த நூடுல்ஸின் குழம்பில், டெம்புரா என்ற பஜ்ஜிக்குத் தொட்டுக்கொள்ளும் சாறில், வேகவைத்த பூசணிக்காயில், முட்டைச் சுருளில், எல்லாவற்றிலும் இருக்கும். சோபாவுக்கான தொட்டுக்குழம்பிலும்தான். (உட்காரும் சோபா இல்லை, கோதுமை மாதிரி நிறத்தில் இருக்கும் பக்வீட் என்ற தானியத்து நூடுல்ஸ்.) மீன் துண்டு எங்கும் இல்லாததால் சமையல்காரரே “மீன் இல்லை” என்று மனச்சாட்சியோடு சொல்வார். உப்பு போட்டிருக்கிறாயா என்று யாரும் கேட்பதில்லையே, அப்படித்தான் தாஷியும் அவருக்கு.

தாஷியில் இன்னொரு வகை கொம்பு என்ற கடற்பாசியில் எடுப்பது, அது சைவம். இகேதா கிகுனாயே என்ற பேராசிரியர் 1908இல் அந்தக் கொம்புச் சாற்றின் சுவைக்குக் காரணமான பொருளைப் பிரித்தெடுத்து, அந்தச் சுவைக்கு உமாமி என்று பெயர் வைத்தார். அடுத்த வருடமே அந்தப் பொருள் பொடியாகக் கடைக்கு வந்தது. நம்மூர் ஃபிரைட் ரைஸ் கடைகளில் சண்டைக்கு இழுக்கப்படும் அதே அஜினமோட்டோதான்.

“வெஜிடேரியன்” என்ற சொல்லை நம்பாதீர்கள். அதைக் கேட்டுத் தலையாட்டிவிட்டு, காய்கறிச் சாலட்டின் மேல் பன்றி இறைச்சித் துணுக்குகளைத் தூவிக்கொண்டு வருவார்கள். பொய்யில்லை, அவர்கள் கணக்கில் அது காய்கறிப் பண்டம். “நிக்கு மோ சகானா மோ தபெமாசென்” என்று சொல்லுங்கள்: கறியும் மீனும் இரண்டும் சாப்பிட மாட்டேன். கூடவே “தாஷி மோ தமே தெஸ்”, தாஷியும் ஆகாது. இதை ஜப்பானிய எழுத்தில் ஒரு அட்டையில் அடித்து வைத்துக்கொண்டால் இன்னும் நல்லது. ஆனால் முதலில் சொன்ன சட்டம் இங்கேதான் அதிகம் உதவும்: பண்டத்தை மாற்றச் சொல்லிக் கெஞ்சாதீர்கள், கடையை மாற்றுங்கள்.

எந்தக் கடை? தோக்கியோ நிலையத்துக்குள்ளேயே, டிக்கெட் கதவைத் தாண்டிய பகுதியில், கெய்யோ ஸ்ட்ரீட்டில் டீஸ் டான்டான் இருக்கிறது. முழுக்கத் தாவர ராமென், எள் குழம்பு, நல்ல காரம். கியோத்தோவில் நன்சென்ஜி கோயிலைச் சுற்றி யூதோஃபு கடைகள், சூடான நீரில் மிதக்கும் டோஃபு. தொட்டுக்கொள்ளும் சாறை மட்டும் விசாரியுங்கள். சுஷிக் கடையில் மாட்டிக்கொண்டால் கப்பா மாக்கி, வெள்ளரிக்காய் வைத்த சுருள். டெம்புராக் கடையில் காய்கறி டெம்புராவுக்குச் சாறு வேண்டாம், “ஷியோ” என்று உப்பு கேளுங்கள். வடையை உப்பில் தொட்டுத் தின்பது போல முதலில் இருக்கும், இரண்டாவது வாயில் பிடித்துவிடும். இறால் பொரித்த எண்ணெயாக இருக்கலாம் என்பது அவரவர் சமாதானம். கொன்பினியில் உமே ஒனிகிரி. நடுவில் இருப்பது உப்பில் ஊறிய ஒரு புளிப்புக் கனி. தயிர்சாதத்துக்கு நடுவே புதைத்து வைத்த நாரத்தங்காய் என்று நினைத்துக்கொண்டால் சரியாக இருக்கும். சில உமேயிலும் மீன் சாறு சேர்ப்பதுண்டு, உறையின் மேல் போன் கேமராவைக் காட்டி மொழிபெயர்த்துப் பாருங்கள். குளிர்காலமானால் சுட்ட சர்க்கரைவள்ளிக்கிழங்கு. தோலோடு தேன் வடிய இருக்கும்.

இனிப்பு பக்கம் சைவர்களுக்குக் கவலை குறைவு. மோச்சி, தைஃபுகு எல்லாம் நம் பூரணக் கொழுக்கட்டையின் தூரத்து உறவு, அரிசி மாவுக்குள் இனித்த சிவப்புப் பயறு. தையாக்கி மீன் வடிவத்தில் இருக்கும். உள்ளே மீன் கிடையாது, அதே பயற்றுப் பூரணம்தான்.

ஆனால் உண்மையிலேயே சைவச் சமையல் என்றால் என்னவென்று ஜப்பான் காட்டும் இடம் கோயாசான். 9ஆம் நூற்றாண்டில் கூகாய் என்ற துறவி நிறுவிய மலைக்கோயில் ஊர். ஒசாகாவின் நம்பாவிலிருந்து நன்காய் ரயிலில் கொக்குராக்குபாஷி வரை, அங்கிருந்து கேபிள் கார். ஐம்பதுக்கும் அதிகமான கோயில்கள் விருந்தினரைத் தங்கவைக்கின்றன. மாலையிலேயே, நாம் காப்பி குடிக்கிற நேரம் கழிந்த கையோடு, சிவப்பு அரக்குத் தட்டுகளில் ஷோஜின் ரியோரி எனும் கோயில் சைவச் சாப்பாடு வந்துவிடும். கறி, மீன் மட்டுமில்லை, பூண்டு வெங்காயமும் கிடையாது. எள்ளையும் ஒரு கிழங்கு மாவையும் கிண்டிச் செய்த கோமாதோஃபு, குளிரில் உறையவைத்துக் காயவைத்த டோஃபு, ஊறுகாய். காரம் தேடாதீர்கள், மிளகாய்ப்பொடி டப்பாவைப் பையிலேயே விடுங்கள். வாயில் ஒன்றும் இல்லாதது போலிருக்கும். மூன்றாவது கிண்ணத்தில்தான் எள் தெரியத் தொடங்கும். விடியலில் மந்திரம் ஓதும் பூஜை, பிறகு காலை உணவு. பயணத்தில் ஒரே ஒரு இரவுக்குத்தான் தாராளமாகச் செலவு செய்ய முடியும் என்றால் இதற்குச் செய்வேன், சுஷிக்கு இல்லை.

மாடு, பன்றி தவிர்ப்பவர்களுக்குச் சுருக்கமாக: “கியூ” மாடு, “புத்தா” பன்றி, “தொரி” கோழி. ஒசாகாப் பக்கம் வெறுமனே “நிக்கு” என்றாலே மாட்டிறைச்சி. ஜப்பான் கறி என்று பார்த்ததும் நம்ம ஊர்க் குழம்பு என்று ஓடாதீர்கள். அது பிரிட்டிஷ்காரர்கள் வழியாகப் போனது. மாவு போட்டுக் கெட்டியாக, இனிப்பாக இருக்கும், காய்கறிக் கறியிலும் மாட்டுக் கொழுப்போ பன்றிக் கொழுப்போ இருக்கலாம். இந்தியாவிலிருந்து நேராகப் போன கறி ஒன்றும் உண்டு. ஜப்பானில் தஞ்சம் புகுந்த புரட்சிக்காரர் ராஷ் பிஹாரி போஸ், தனக்கு அடைக்கலம் கொடுத்த ஷின்ஜுகு நகாமுராயா கடைக்காரர் வீட்டு மருமகனானார். 1927இல் அந்தக் கடை அவர் சொன்ன முறையில் கோழிக்கறியும் சோறும் விற்கத் தொடங்கியது. இன்றும் விற்கிறது. இதெல்லாம் வேண்டாம், ஒரு தோசை போதும் என்ற நாள் வந்தால், தோக்கியோவில் நிஷி கசாய் பக்கம் போங்கள். இந்தியர்கள் நிறைய வாழும் பகுதி.

இசக்கயா

இது குடிக்கும் இடம், ஆனால் நம்மூர் பார் மாதிரி இருட்டுக் கிடங்கு இல்லை. அலுவலகம் முடிந்து ஆணும் பெண்ணுமாக வந்து சின்னச் சின்னத் தட்டுகளில் பகிர்ந்து சாப்பிடுவார்கள். குடிக்காதவர்கள் “ஊரோன் சா” எனும் ஊலோங் தேநீர் கேட்டால் போதும், ஆளுக்கு ஒரு பானமாவது சொல்வது மரியாதை. உட்கார்ந்ததும் கேட்காமலே ஒரு சின்னக் கிண்ணம் வரும். ஒதோஷி. இலவசம் என்று மகிழாதீர்கள், ஆளுக்கு 300 முதல் 500 யென் பில்லில் சேரும்; இடத்துக்கான வாடகை என்று எடுத்துக்கொள்ளுங்கள். சண்டை போட்டுப் பயனில்லை. குடிக்க வயது 20. சில இடங்களில் செருப்பைக் கழற்றிவிட்டுப் பாய்மேல் உட்கார வேண்டும். ஓட்டை விழுந்த காலுறையை அன்றைக்குப் போடாதீர்கள்.

தெருவிலும் ரயிலிலும்

ஒசாகா தோதோன்போரியில் தகோயாக்கி சுடுவதைப் பார்த்தால் பாட்டி ஞாபகம் வரும். அப்படியே குழிப்பணியாரக் கல், அதே கம்பியால் அதே திருப்பு. உள்ளே இருப்பது மட்டும் ஆக்டோபஸ் துண்டு. வெளியே ஆறினாலும் உள்ளே எரிமலை, ஒரே வாயில் போட்டுவிடாதீர்கள். நடந்துகொண்டே சாப்பிடுவதைப் பல இடங்களில் விரும்ப மாட்டார்கள். கியோத்தோவின் நிஷிக்கி சந்தையில் வேண்டாம் என்றே கேட்டுக்கொள்கிறார்கள். வாங்கிய கடை முன்னாலேயே நின்று முடித்து, குச்சியையும் தட்டையும் அங்கேயே கொடுத்துவிடுங்கள், ஏனென்றால் தெருவில் குப்பைத் தொட்டி கண்ணிலேயே படாது.

மீன் சந்தை என்று போகிறவர்களுக்கு: மொத்த வியாபாரம் 2018 அக்டோபரில் தொயோசுவுக்கு இடம் மாறிவிட்டது. ஆனால் சாப்பிடுவதற்குப் பழைய த்சுகிஜியின் வெளிச்சந்தைதான் இன்னும் கலகலப்பு. காலையிலேயே போங்கள், மதியத்துக்கு மேல் கடைகள் மூடத் தொடங்கும். ஞாயிறு வேண்டாம்.

ஊர்விட்டு ஊர் போகும்போது ரயில் நிலையத்தில் எக்கிபென் வாங்குங்கள், அந்தந்த ஊர்ப் பண்டத்தை அடுக்கிய கட்டுச்சோறு. ஷின்கான்சென் அதிவேக ரயிலில் சாப்பிடலாம், ஊருக்குள் ஓடும் நெரிசல் ரயிலில் கூடாது. தோக்கியோ-ஒசாகா வண்டியில் தள்ளுவண்டி வரும் என்று காத்திருக்காதீர்கள், 2023 அக்டோபரோடு அது நின்றுவிட்டது.

மாலை நேரத்துக்கு ஒரு உபாயம். பெரிய துணிக்கடை, பொருள்கடைகளின் நிலவறையில் உணவுக்கூடம் இருக்கும், தெப்பாச்சிக்கா. கடை மூட ஒரு மணி நேரம் இருக்கும்போது ஊழியர் ஒருவர் ஸ்டிக்கர் கட்டோடு வருவார். முதலில் 20 சதவீதம், பிறகு பாதி விலை. அவர் பின்னால் அவசரமில்லாதவர்கள் போல நடக்கும் உள்ளூர் அம்மாக்களைக் கவனியுங்கள், அவர்களுக்குப் பின்னால் நில்லுங்கள்.

முன்பதிவு செய்யும் இடங்கள்

கவுன்டரில் எட்டுப் பேர் உட்காரும் உயர்ந்த சுஷிக் கடை, பல வரிசையாகப் பரிமாறும் கைசேகி விருந்து இவற்றுக்கு முன்பதிவு வேண்டும். தங்கும் விடுதிக்காரரைச் செய்யச் சொல்வது எளிது. ஒவ்வாமையோ, சாப்பிடாதது எதுவோ இருந்தால் அப்போதே சொல்லுங்கள், உட்கார்ந்த பிறகு இல்லை; சமையல்காரர் காலையிலேயே உங்கள் தலைக்கு மீனை எண்ணி வாங்கிவிடுகிறார். போகாமல் விட்டால் அபராதமும் உண்டு, கெட்ட பெயரும் உண்டு. வாசனைத் திரவியம் பூசிக்கொண்டு போகாதீர்கள். பத்து நிமிடம் முன்பே வாசலில் நில்லுங்கள். குழந்தைகளை ஏற்காத இடங்களும் உண்டு, முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

ஊருக்குத் திரும்பும்போது மிசோ வாங்கினால் பெரிய பெட்டியில் வையுங்கள். கைப்பையில் வைத்தால் பாதுகாப்புச் சோதனையில் அதைத் திரவமாகக் கணக்கிட்டு எடுத்துவிடுவார்கள். பையில் தங்கிய யென் சில்லறையை எந்த வங்கியும் மாற்றித் தராது. விமான நிலையத்துக் கொன்பினியில் அதை எண்ணிக் கொடுத்து இரண்டு உமே ஒனிகிரி வாங்கிக்கொள்ளுங்கள். முதலில் 1, பிறகு 2, 3.